அக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுக்கா என்றான் தம்பி, காலையில் போனில், நான் ஹோட்டல் சாப்பாட்டுக்கூடத்தில் ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தபோது. யாருடைய சாயங்காலம் தனபால், உன் சென்னைச் சாயங்காலமா, அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிற இந்த ஹாங்காங் சாயங்காலமா என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, பார்க்கிறேன்ப்பா என்று மட்டும் சொன்னேன். இப்போது படகில் உட்கார்ந்திருக்கிறேன், மர பெஞ்சியில், மடியில் கைப்பை, பக்கத்தில் யாருமில்லை, பார்க்கிறேன் என்று சொன்னவள் தண்ணீரைத்தான் பார்க்கிறேன். பச்சையும் இல்லை நீலமும் இல்லை, பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு நிறம், அதன் மேல் வெயில் மட்டும் புதிதாக இருக்கிறது. எங்கள் டூர்க்கூட்டம் முழுக்க அந்தக் கரையில் கடைகளுக்குள் போய்விட்டது. இன்னைக்கு மத்தியானம் ஃப்ரீ டைம், அவங்கவங்க இஷ்டம்போல சுத்திப் பாருங்க, பொழுது சாயறப்ப மணிக்கூண்டுகிட்ட வந்துடுங்க என்று டூர் கூட்டிவந்த ஜெரால்டு சொன்னதும் எல்லோரும் இரண்டிரண்டாகப் பிரிந்தார்கள், கரூர்க்காரரும் அவர் மனைவியும், அந்த ரிட்டையர்டு தாசில்தாரும் அவர் மனைவியும். பிரிந்தார்கள் என்பதுகூடச் சரியில்லை, ஏற்கெனவே பிரிந்துதான் இருந்தார்கள், நான்தான் நடுவில் நின்றேன். நீங்க எங்க மேடம் போறீங்க என்று ஜெரால்டு கேட்டான், திருச்சிப் பையன், நல்லவன், கேட்க வேண்டுமே என்று கேட்டான். நான் படகைக் காட்டினேன். அதுவரை படகில் போகவேண்டும் என்று நினைத்ததே இல்லை. கை எதையாவது காட்டவேண்டியிருந்தது, எதிரில் படகு இருந்தது.

படகு போகிற பக்கம் முழுக்கக் கண்ணாடி. கட்டிடங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, கட்டிடம் என்றால் கதவு இருக்கும், வாசல் இருக்கும், யாராவது வெளியே வந்து எட்டிப் பார்ப்பார்கள். இவை தண்ணீர் ஓரத்தில் நிற்கவைத்த சீப்புகள் மாதிரி இருக்கின்றன. இத்தனை ஜன்னல்களில் ஒன்றில்கூட துணி காயவில்லை. போன வாரம் இதே டூரில் பார்த்த சிங்கப்பூரிலும் இப்படித்தான், அங்கே செடிகள்கூட யாரோ அதட்டி நிற்கவைத்த மாதிரி நின்றன, ஆனால் அங்கே ஒரு நாள் ரயிலில் திடீரென்று ஒரு பெண்குரல் தமிழில் பேசியது. மேடைக்கும் ரயிலுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, பார்த்து இறங்குங்கள் என்று. சரிங்க என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எதிரில் இருந்த சீனப் பையன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்கு எப்படிச் சொல்வது, அந்தப் பெட்டியில் அந்தக் குரல் யாரிடம் பேசியதோ அது நான் ஒருத்திதான் என்று. ரயில் நின்ற இடத்தில் எல்லாம் அந்தப் பெண் எனக்காகக் கவலைப்பட்டாள். ஒரு வாரம் கழித்தும் அந்தக் குரல்தான் நினைவிருக்கிறது, அந்த ஊரின் மற்றதெல்லாம் ஒரே பளபளப்பாகக் கலந்துபோய்விட்டது. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தவளுக்குக் குரல்தான் ஊர். நாமக்கல் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்துகொண்டு பம்பாய் கொடுங்கள், கொச்சி கொடுங்கள், விசாகப்பட்டினம் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டே எனக்குக் கடலோரத்து ஊர்கள் எல்லாம் தெரியும். பம்பாய்க்காரி எப்போதும் அவசரத்தில் இருப்பாள், கொச்சிக்காரிக்கு ஜலதோஷம். பிறகு ஒரு தடவை பயிற்சிக்கென்று பம்பாய் போனேன், சாயங்காலம் கடலோரச் சுவரில் போய் உட்கார்ந்தேன், சுவர் நெடுக ஜனங்கள், எல்லோரும் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு பெரிய ஊரைக் கட்டிவிட்டு ஏன் இப்படி முதுகைக் காட்டுகிறார்கள் என்று அப்போது தோன்றியது. இப்போது இந்தப் படகிலும் பாதிப் பேர் அப்படித்தான், ஊரைவிட்டுத் தண்ணீரைப் பார்க்கிறார்கள். தண்ணீரில் நம்மைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை, அதனால் இருக்கலாம்.

நீன்னா பழகினவ என்றான் தனபால், காலையில், தன் மாமியார் விஷயமாக. ரேணுவோட அம்மாவை டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்கக்கா, வலது பக்கம் சுத்தமா வரலை, பேச்சும் குழறுது, ரேணுவுக்கு லீவு முடிஞ்சுபோச்சு, ஆள் வெச்சோம், ரெண்டு நாள்ல நின்னுட்டா, நீன்னா பழகினவ. எப்படியும் ஃப்ளைட் சென்னைலதானே இறங்குது, நான் ஏர்போர்ட்டுக்கு வந்து உன்னைக் கூட்டிக்கிறேன், நாமக்கல்ல தனியா உட்கார்ந்து என்ன பண்ணப்போற, இங்கன்னா உனக்கும் பேச்சுத்துணை. பேச்சு வராதவரோடு பேச்சுத்துணை. அவன் அதை யோசித்துச் சொல்லவில்லை, அவன் கெட்டவன் இல்லை, குரல் உடைந்துபோயிருந்தது, ராத்திரி தூங்கியிருக்கமாட்டான். பழகினவள். எதற்குப் பழகினவள். பத்துப் பன்னிரண்டு வருஷம் அம்மாவைத் தூக்கி, கழுவி, புரட்டிப் போட்டு, ஊட்டி, அது ஒரு பழக்கமா. பேருந்துக்கு நிற்பது பழக்கம், காப்பி பழக்கம். அம்மா ஸ்டீல் டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டுவாள், டங் டங் என்று, நான் அடுப்படியில் இருந்தாலும் குளியலறையில் இருந்தாலும் ஓடவேண்டும். அம்மா போய் வருஷம் திரும்பிவிட்டது, டம்ளர் பரணில் இருக்கிறது, ஆனாலும் நேற்று இந்த ஊர் ஹோட்டலில் பக்கத்து அறையில் யாரோ கரண்டியை வைத்த சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன், கால் செருப்பைத் தேடியது. பழகினவள்தான். வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை. சொல்லவிடாதது எது என்று எனக்குத் தெரியும், சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏர்போர்ட்டுக்கு வந்து உன்னைக் கூட்டிக்கிறேன் என்றானே, அது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் ஒரு முகம் எனக்காகக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும், பெட்டியை வாங்கிக்கொள்ளும், இளைச்சுட்டியே என்று சொல்லும். அதற்காக ஒருத்தி தன் மிச்ச காலத்தைக் கொடுப்பாளா. கொடுப்பாள். இந்தப் படகில் உட்கார்ந்து யோசித்தால் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. அந்த அம்மாள் படுத்திருக்கிற அறையாவது ஆள் இருக்கிற அறை. யாரோ ஒருத்தருக்குத் தாகம் எடுத்தால் என் பெயர் ஞாபகத்துக்கு வரும். நாமக்கல் வீட்டில் நான் பேசாவிட்டால் குரல் என்று ஒன்று கிடையாது, ஃப்ரிட்ஜ் மட்டும் அவ்வப்போது செருமும். இதோ இப்போது நான் இந்தக் கம்பியைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தால், ஏன் இதையெல்லாம் நினைக்கிறேன், விழமாட்டேன், எனக்கு விழவேண்டும் என்றெல்லாம் இல்லை, ஆனால் விழுந்தால் யார் சௌந்தரவல்லி என்று கூப்பிடுவார்கள், இந்தக் கரையில் அந்தப் பெயரை உச்சரிக்கவே யாருக்கும் வராது.

படகு மோதி நின்றது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் கயிற்றை வீசி இழுத்துக் கட்டினார், பலகை விழுந்தது, எல்லோரும் எழுந்து ஏதோ அழைப்பு வந்த மாதிரி வேகமாக நடந்தார்கள், நானும் அவர்களோடு வேகமாக நடந்தேன், எனக்கு எந்த அவசரமும் இல்லை. படி ஏறினால் பாலம், பாலம் முடிந்தால் இன்னொரு பாலம், அது ஒரு கட்டிடத்துக்குள் நுழைந்து கைக்கடிகாரக் கடைகள் வழியாக வெளியே வந்து மறுபடி பாலம். தரை எங்கே என்று தெரியவில்லை. கீழே ரோடு ஓடுகிறது, பஸ் போகிறது, ஆனால் இறங்க வழியில்லை. முழங்கால் வலித்தது. டூருக்கென்று வாங்கிய ஷூ பெருவிரலைக் கடித்தது. உட்காரலாம் என்று பார்த்தால் உட்காருவதற்கு ஒரு காப்பியாவது வாங்கவேண்டும், வாங்கினாலும் உயரமான முக்காலி, என் உயரத்துக்கு அதில் ஏறினால் இறங்கமுடியாது. கண்ணாடியில் ஒரு பெண் வந்தாள், சுடிதார், காதோரம் நரை, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரோ துரத்துகிற மாதிரி, பாவம் என்று நினைத்தபிறகுதான் நான் என்று தெரிந்தது. திரும்பிப் படகுத்துறைக்கே போய்விடலாம் என்று வந்த வழியே நடந்தேன், அது வந்த வழி இல்லை. வேறு ஏதோ படியில் இறங்கினேன். இறங்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. பொழுது சாயும்போது ஆலமரத்தில் கிளிகள் அடைகிற சத்தம், அப்படியே அது. இந்த ஊரில் மரமா, கிளியா. படி திரும்பியதும் பார்த்தேன், பாலத்துக்குக் கீழே நிழலில், படகுத்துறை வரைக்கும், பெண்கள். எல்லோரும் பெண்கள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள், சிலர் படுத்திருந்தார்கள், ஒருத்தி இன்னொருத்திக்கு நகம் வெட்டிவிட்டாள், ஒரு வட்டத்தில் சீட்டு, இன்னொரு வட்டத்தில் ஜெபம், ஒருத்தி போனில் யாரையோ திட்டினாள். ஒவ்வொரு அட்டைக்கும் வெளியே செருப்புகளை வரிசையாகக் கழற்றிவிட்டிருந்தார்கள். வீடு மாதிரி. அந்தச் செருப்புகளைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன், என்ன காரணம் என்று இன்னும் தெரியவில்லை, கண்ணாடிக் கட்டிடங்கள் அத்தனைக்கும் இல்லாத வாசல் அங்கே இருந்தது, அதனாலோ என்னவோ.

நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அத்தே, என்று ஒரு குரல். அத்தையா. என்னை அத்தை என்று கூப்பிட இரண்டே பேர்தான், தனபாலின் பெண்கள், அவர்கள் இங்கே எப்படி. அத்தே, உட்காருங்க, என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒரு பெண் நகர்ந்து இடம்விட்டாள். நாற்பது வயது இருக்கும், வட்ட முகம், மஞ்சள் பனியன், முன்பல் ஒன்று லேசாகத் தூக்கியிருந்தது. நான் ஷூவைக் கழற்றி அந்தச் செருப்பு வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எத்தனை நாளாயிற்று தரையில் உட்கார்ந்து, இடுப்பு அய்யோ என்றது, பிறகு சரி என்றது. உங்க பாஷையில அத்தேன்னா என்ன என்று கேட்டேன். அக்கா, என்றாள். எங்க பாஷையில அப்பாவோட கூடப்பிறந்தவ, என்றேன். அவள் அதைத் தன் பாஷையில் மற்ற மூன்று பேருக்கும் சொன்னாள், அவர்கள் சிரித்தார்கள், அத்தே அத்தே என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். பெயர் கேட்டேன். மாரிசெல். மாரிச்செல்வியா என்று கேட்டேன். மாரிசெல், என்றாள் திருத்தி, பிலிப்பைன்ஸ், இலோயிலோ. எங்கள் தெருவில் ஒரு மாரிச்செல்வி இருக்கிறாள், பூக்கட்டுகிறவள், அவளுக்கும் பல் கொஞ்சம் தூக்கியிருக்கும், இதையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, விட்டுவிட்டேன். பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து சேமியா மாதிரி ஒன்றை எடுத்துக் காகிதத்தட்டில் வைத்தாள், கறி இருக்கிறதா என்று கேட்டேன், கறியைப் பொறுக்கி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, இப்ப இல்லை, என்று தட்டை நீட்டினாள். சாப்பிட்டேன். எச்சில், தீட்டு, அம்மா இருந்திருந்தால், அம்மா இல்லை, சாப்பிட்டேன், எலுமிச்சை பிழிந்திருந்தது, நன்றாக இருந்தது. தனியாவா வந்தீங்க, என்றாள் மாரிசெல். ஒரு குரூப்போட, என்றேன். குரூப் எங்கே? அந்தக் கரையில. அவள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பார்த்து, ரொம்ப நல்ல குரூப், என்றாள், எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்காரர்? இல்லை. போயிட்டாரா? வரவே இல்லை. பிள்ளைங்க? இல்லை. அப்ப உங்களை யார் பார்த்துக்கிறது, என்று கேட்டாள், பரிதாபம் எதுவும் இல்லாமல், எந்த ஊர் எந்தத் தெரு என்று கேட்கிற மாதிரி.  இத்தனை வயதுக்கு அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நீ யாரைப் பார்த்துக்கிற என்றுதான் கேட்பார்கள்.

நீ என்ன வேலை பார்க்கிற என்று பேச்சை மாற்றினேன். போபோவைப் பார்த்துக்கிறேன், என்றாள். போபோ என்றால் கிழவி, சீனக் கிழவி, மேலே ஏதோ ஒரு கட்டிடத்தில் ஏதோ ஒரு மாடியில், எழுந்திருக்கமுடியாது, மருமகளை அடையாளம் தெரியாது, மாரிசெலை மட்டும் தெரியும். அவ செத்தா எனக்கு வேலை போயிடும், அதனால தினமும் அவளுக்காக ஜெபம் பண்றேன், என்று சொல்லிச் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இல்லை, நிஜமாவே பண்றேன், என்றாள். நானும் பார்த்திருக்கேன், என்றேன், எங்க அம்மாவை, பத்துப் பன்னிரண்டு வருஷம். அவள் கண் மாறியது. ஒரே தொழில் செய்கிறவர்கள் பார்க்கிற பார்வை. ராத்திரியும் நீங்களேவா? நானேதான். வேற ஆள்? இல்லை. உங்களுக்கு எந்த நாள் லீவு? எனக்குப் புரியவில்லை. லீவு, லீவு, வாரத்துல எந்த நாள், எனக்கு ஞாயித்துக்கிழமை, உங்களுக்கு? அவங்க என் அம்மா, என்றேன். ஆமா, என்றாள் பொறுமையாக, லீவு எந்த நாள்? நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, திரும்பி மற்றவர்களிடம் சொன்னாள், அவர்களில் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், யாரோ செத்துப்போன சேதி கேட்ட மாதிரி. எனக்கும் முதல் வருஷம் லீவு கிடையாது, என்றாள் மாரிசெல், நான் வெளியே போனா போபோ அழுவா, அதனால மேடம் விடலை, அப்புறம் நான் கேட்டேன், மேடம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா, அப்புறம் சரின்னுட்டா. போபோ? இப்பவும் அழுவா, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், லிஃப்ட்டு வரைக்கும் கேட்கும். அப்ப நீ என்ன பண்ணுவ? என்ன பண்றது, லிஃப்ட்டுல ஏறிடுவேன், என்று சொல்லிவிட்டு டப்பாவின் அடியை வழித்தாள். அவ்வளவுதான் சொன்னாள். ஏறிடுவேன். அவளுக்குக் கல்நெஞ்சு இல்லை, கிழவிக்காக ஜெபம் பண்ணுகிறவள்தான், இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கின்றன. நான் அம்மா அழுதால் செருப்பைக் கழற்றிவிடுவேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன், அம்மா அழுவது அங்கே வரை கேட்காது, ஆனாலும் கேட்டது.

அப்போது அவள் போன் அடித்தது, படத்தோடு பேசுகிற அழைப்பு. என் தங்கச்சி, லோர்னா, என்றாள், எங்க அம்மாவை இவதான் பார்த்துக்கிறா. போனில் ஒரு முகம், மாரிசெலேதான், ஆனால் அழுத்தித் தேய்த்த மாதிரி, முடியை உச்சியில் ஒரு பென்சில் போட்டு முடிந்திருந்தாள், பின்னால் கொசுவலையின் ஓரம், ஒரு கட்டில், கட்டிலில் போர்வை, போர்வைக்குள் மெல்லியதாக ஏதோ. அக்காவும் தங்கையும் வேகவேகமாகப் பேசினார்கள், தங்கை எதற்கோ சலித்துக்கொண்டாள், மாரிசெல் சமாதானம் சொன்னாள், பிறகு திடீரென்று போனை என் பக்கம் திருப்பி, அத்தே, ஹலோ சொல்லுங்க, இவளும் உங்களை மாதிரிதான், என்றாள். உங்களை மாதிரிதான். நான் ஹலோ என்றேன். லோர்னா என்னைப் பார்த்தாள். நல்ல மனுஷியா கெட்ட மனுஷியா என்று பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தாள். ஏதோ கேட்டாள். மாரிசெல் சொன்னாள், கடல் தெரியுதான்னு கேட்கிறா, நான் ஒரு தடவைகூடக் காட்டினதில்லையாம், எனக்கு எங்கே நேரம், பாருங்க, ஊருக்கு அனுப்பற இந்தப் பெட்டியை வேற கட்டணும். நான் காட்டட்டுமா, என்றேன். யார் பேசியது, நானா. முன்பின் தெரியாதவளின் போனை வாங்கிக்கொண்டு வெறுங்காலோடு அட்டையை விட்டு இறங்கி, சிமெண்டுச் சூட்டில், பெண்கள் கூட்டத்துக்கு நடுவே வழிகேட்டு வழிகேட்டுத் தண்ணீர் ஓரத்துக் கம்பிவரை போனேன். மாரிசெல் என்னை நம்பினாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனைக் கடலுக்குத் திருப்பி நீட்டிப் பிடித்தேன். படகு ஒன்று வந்துகொண்டிருந்தது, பெரிய சரக்குக் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது, எதிர்க்கரையில் வெயில் ஒரே ஒரு கட்டிடத்தின்மேல் மட்டும் விழுந்து அது கொதித்தது. மெதுவாக, இடமிருந்து வலம் திருப்பினேன்.  எனக்கு லோர்னாவின் முகம் தெரியவில்லை, போன் அந்தப் பக்கம் இருந்தது, மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஸ்டாப், என்றாள், நிறுத்தினேன், அவள் எதைப் பார்த்தாளோ அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது. அவளுக்கும் கடலோரத்து ஊர்தான் போல, மாரிசெல் அப்படித்தான் சொன்னாள், நடக்கிற தூரத்தில் கடல் இருக்கிறதாம். நடக்கிற தூரம். பஸ் ஸ்டாண்டும் நடக்கிற தூரம்தான். அப்போது அந்தப் பக்கம் ஒரு குரல் கூப்பிட்டது, கிழக்குரல், ஒரே சொல், திரும்பத் திரும்ப. என் கால் தானாக ஓர் அடி எடுத்துவைத்தது. லோர்னா அசையவில்லை. மறுபடி கூப்பிட்டது. ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், என்று ஆங்கிலத்தில் சொன்னாள், என்னிடம் சொன்னாளா அம்மாவிடம் சொன்னாளா தெரியாது. இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு போனை எங்கோ படுக்கவைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் திருப்பிப் பார்த்தபோது அதில் முகம் இல்லை, கூரைதான் இருந்தது, தகரமும் ஒரு பல்லியும் மெதுவாகச் சுற்றுகிற ஒரு ஃபேனும். அந்த ஊரை நான் பார்த்ததில்லை, அந்தக் கூரையை எனக்கு நன்றாகத் தெரியும். படுக்கையில் இருக்கிறவர்கள்தான் கூரையைப் பார்ப்பார்கள் என்று சொல்வார்கள், இல்லை, பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறவளும் அதைத்தான் பார்க்கிறாள். அவள் வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. போனைக் கொண்டுபோய் மாரிசெலிடம் கொடுத்தேன், பார்த்தாளா, என்றாள், பார்த்தா, என்றேன், அவ எப்பவுமே இப்படித்தான், கட் பண்ண மறந்துடுவா, என்று சொல்லி போனை அணைத்தாள்.

தனபால் கூப்பிட்டபோது ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் அட்டைகளை மடக்க ஆரம்பித்திருந்தது, பெட்டிகளில் டேப் ஒட்டுகிற சத்தம் கர் கர் என்று நாலா பக்கமும், அதனால் மறுபடி கம்பிப் பக்கம் போனேன். என்னக்கா, யோசிச்சியா, என்றான். யோசிச்சேன், என்றேன், வரலைப்பா.  சரியாகக் கேட்கவில்லையோ என்று, நான் வரலை தனபால், என்றேன் மறுபடியும், குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது, பக்கத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். தனியா இருந்து என்னக்கா பண்ணப்போற, என்றான். தெரியலை, என்றேன். அது நிஜம். நாமக்கல் வீடு கண்முன் வந்தது, திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை, அதற்கு அடுத்த நாள், என்ன பண்ணப்போகிறேன், எனக்கு எதுவும் தெரியவில்லை, பயமாக இருந்தது, லிஃப்ட்டில் ஏறிக் கதவு மூடிக்கொண்ட மாதிரி. ரேணு அழுதுட்டே இருக்காக்கா. எனக்குத் தெரியும்ப்பா, அவங்க அம்மா, அழுவா. ஆள் வைங்க, நல்ல ஆளா, ரெண்டு பேரா வைங்க, ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு லீவு குடுங்க. லீவு குடுத்தா ஞாயித்துக்கிழமை யார் பார்க்கிறதுக்கா, என்றான், குரலில் எரிச்சல். நீ, என்றேன். நானா. நீதான், ஞாயித்துக்கிழமை உனக்கு ஆபீஸ் கிடையாதில்ல.  வைத்துவிடுவான் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் அவனிடம் நான் இல்லை என்று சொன்னதே கிடையாது, சைக்கிள் கேட்டபோதும் சரி, காலேஜில் சேரணும் என்றபோதும் சரி, சரிடா சரிடா என்றே சொல்லியிருக்கிறேன், இல்லை என்கிற சொல்லுக்குப் பிறகு அண்ணன் தம்பிகள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. வைத்துவிட்டால் இனி போனில் கூப்பிடவே மாட்டானோ. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா, என்றான். சொல்லுப்பா. இவங்களை எப்படித் திருப்பிப் படுக்கவைக்கிறது, நேத்து நானும் ரேணுவும் தூக்குறேன்னு கீழ போட்டுடப் பார்த்தோம், முதுகெல்லாம் சிவந்துபோச்சு.

இப்ப பக்கத்துலயா இருக்க, என்றேன். ஆமாக்கா, ரூம்லதான் நிக்கிறேன். போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கட்டில்ல வை. வெச்சுட்டேன். தூக்காத, தூக்கவே கூடாது, உருட்டணும். முதல்ல அவங்களுக்குச் சொல்லு, திருப்பப்போறேன்னு. எதுக்குக்கா, அவங்களுக்குப் புரியாது. சொல்லு. அத்தே, திருப்பப்போறேன், என்று அவன் சொன்னது கேட்டது, கூச்சத்தோடு, பெரிய ஆம்பளை, ஐம்பது தாண்டியவன். வராத கையை எடுத்து நெஞ்சு மேல வை, அடியில மாட்டிக்கப்போகுது. வெச்சுட்டேன். அந்தப் பக்கத்து முட்டியை மடக்கு. மடக்கினா நிக்க மாட்டேங்குதுக்கா. உன் கையால பிடிச்சுக்கோ, இன்னொரு கை தோளுக்குப் பின்னால, எலும்பு தட்டுப்படும் பாரு, அங்க. ம். இப்ப உன் பக்கமா இழு, மெதுவா, முட்டியும் தோளும் ஒண்ணாப் போகணும், மூச்சை அடக்காத, விடு. கட்டில் கிரீச்சிட்டது. அந்த அம்மாள் முனகினார். ரேணுகா பார்த்துங்க பார்த்துங்க என்றாள். என் கைகள் இரண்டும் கம்பியை விட்டுக் காற்றில் நின்றன, விரல்கள் மடங்கியிருந்தன, மீன்பிடிக்கிறவர் என்னையே பார்த்தார், பார்க்கட்டும். பின்னால ஒரு தலைகாணி கொடு ரேணு, என்று அவளிடம் சொன்னேன், கொடுத்துட்டேன் அண்ணி, என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. திரும்பிட்டாங்கக்கா, என்றான் தனபால். அவ்வளவு ஆச்சரியம் அந்தக் குரலில். திரும்பிட்டாங்க, என்னைப் பார்க்கிறாங்க. பேசு அவங்ககிட்ட, என்றேன். அவன் என்ன பேசினான் என்று சரியாகக் கேட்கவில்லை, தண்ணி வேணுமா என்று கேட்டான் போல, பிறகு ரேணுகா ஏதோ சொன்னாள், டம்ளரோ கிண்ணமோ நகர்ந்தது, யாரோ நடந்தார்கள். என்னை மறந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் அந்த அறையைக் கேட்டுக்கொண்டு நின்றேன், பிறகு நானே வைத்துவிட்டேன்.

திரும்பியபோது மாரிசெல் இருந்த இடத்தில் வெறும் சிமெண்டு. போபோவுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரமாகியிருக்கும், சொல்லிக்கொள்ள என்னைத் தேடிப் பார்த்திருப்பாள், நான் கம்பிப் பக்கம் நின்றேன். ஒருவர் நீளத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டு வந்தார், நான் நின்ற இடம் வந்ததும் காத்திருந்தார், நகர்ந்தேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன, கண்ணாடிகளுக்குள் இப்போது ஆட்கள் தெரிந்தார்கள், ஒரு மாடியில் ஒருத்தி மேஜை துடைத்தாள், அவளாக இருக்காது. கால் வலித்தது. பசித்தது. சந்தோஷம் என்று சொல்லமுடியாது, துக்கமும் இல்லை, அழுது முடித்தபிறகு முகம் கழுவினால் காற்று படுமே, அந்த மாதிரி, ஆனால் நான் அழவில்லை. துறைக்குள் போனபோது படகு கிளம்பிவிட்டது, பலகையைத் தூக்கிவிட்டார்கள், ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. அது விளக்குகளோடு அந்தக் கரைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு, அடுத்தது வரும்வரை நின்றேன்.